புளியமரத்து வீட்டுக்கு ரெண்டு ஊதல்

லாரி ஓட்டுகிறவனுக்குத் தெரியாத ஒரே விஷயம், தன் லாரியில் என்ன ஏறியிருக்கிறது என்பதுதான். மூட்டை தெரியும், டின் தெரியும், வாழைக்குலை தெரியும். அதற்கு மேலே ஊர்க்காரர்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஏற்றிவிடுகிற சமாசாரங்கள் இருக்கின்றனவே, அவற்றை இறக்கி முடிப்பதற்குள் நமக்கு மண்டை காய்ந்துவிடும். இதைப் படிக்கிறவர்களில் ஸ்டியரிங் பிடித்தவர்கள் இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிடிக்காதவர்களும் என்றைக்காவது ஒரு லாரிக்காக ரோட்டோரம் காத்து நின்றிருப்பீர்கள். ஆகவே நீங்களும் நம்ம கட்சிதான்.

நான் சொல்வது ஜெர்மன் சண்டையெல்லாம் முடிந்து, பஸ் என்றால் ஜனங்களுக்குத் தெரியும், லாரி என்றால் இன்னும் சரியாகத் தெரியாது என்றிருந்த காலம். கொல்லங்கோட்டு இஸ்மாயில் ராவுத்தர் ஒரு தோட்டத் துரையிடமிருந்து பழைய லாரி ஒன்றை வாங்கிவிட்டு, அதை ஓட்ட என்னையும் பிடித்துப் போட்டார். விடிந்ததும் கொல்லங்கோட்டிலிருந்து தேங்காயும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சி போவேன். சாயங்காலத்துக்குள் உப்பு, மண்ணெண்ணெய், மிளகாய், வெல்லம் என்று ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பி வருவேன். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

தேர் நிலை சேர்ந்தது

முதல் மழையிலேயே கொல்லங்கோட்டுக்கு வெளியே மணல் ஓடையில் வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. நான் இறங்கி மண்ணைத் தோண்டிக் கொண்டிருந்தேன். அதற்குள் யாரோ ஊருக்குள் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஐம்பது அறுபது ஆட்கள் கோயிலின் பழைய தேர்வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களும் கட்டையும் கையுமாகக் கூடவே வந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். வடத்தைப் பூட்டி ஒரு சத்தம் போட்டு இழுத்தார்கள் பாருங்கள், வண்டி ஓடையிலிருந்து கரைக்கு ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

வந்த பிறகு நிறுத்த வேண்டுமா இல்லையா? நிறுத்தவில்லை. நான் கத்துகிறேன், யாருக்கும் காது கேட்கவில்லை. ரோட்டில் வளைவு வந்தால் முட்டுக்கட்டையைப் போட்டுத் திருப்புகிறார்கள். வாசல்களிலிருந்து பெண்கள் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து சக்கரத்தில் ஊற்றுகிறார்கள். ஒருத்தி ரேடியேட்டருக்கு முன்னால் கற்பூரமே காட்டிவிட்டாள். ராவுத்தரின் கடை வந்தது. கடை வாசலில் ராவுத்தர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று. தேர் வருஷா வருஷம் போய் நிற்கிற தேர்முட்டியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வடத்தைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். "சரக்கு இறக்க வேண்டிய கடை அங்கே இருக்கிறதே" என்று நான் அழாத குறையாகக் கேட்டேன். முட்டுக்கட்டைக்காரர்களில் பெரியவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னார்:

"வடம் புடிச்சா நெலை சேராம நடுவுல நிறுத்தப்படாதுங்க, ஊருக்கு ஆகாது. வேணும்னா ராவுத்தரை இங்க வந்து கடை போட்டுக்கச் சொல்லுங்க."

எல்லாருக்கும் தெரிந்த ஏழாந்தேதி

கொச்சிச் சீமையில் பெருமாட்டி என்ற ஊர்க்காரர் நாச்சிமுத்து என்பவர் தம் மகள் கல்யாணத்துக்குக் காய்கறியும் வெல்லமும் பொள்ளாச்சியிலிருந்து கொண்டுவர எங்கள் வண்டியைப் பேசினார். ஏழாந்தேதி காலையில் முகூர்த்தம், முந்தின நாள் சாயங்காலம் சரக்கு வந்துவிட வேண்டும் என்று ராவுத்தரிடம் சொன்னார். ராவுத்தரும் தலையை ஆட்டினார். அவர் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், ஒரு கத்திரிக்காய் நசுங்காமல் நான் கொண்டுபோய் நிறுத்தினேன். பந்தலில் வாழைமரம் தலை சாய்ந்து கிடந்தது. ஜனங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வண்டி பூட்டிக் கிளம்பிக் கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். நாச்சிமுத்து சொன்னது தமிழ் ஆவணி ஏழு. ராவுத்தர் மனசில் எழுதிக்கொண்டது மலையாளச் சிங்கம் ஏழு. இரண்டும் ஒரே மாதம்தான், ஆனால் சங்கராந்தி பகல் திரும்பிய பிறகு வந்துவிட்டால் தமிழ்க் கணக்கில் அன்றைக்கே மாதம் பிறந்துவிடும், மலையாளக் கணக்கில் மறுநாள்தான் பிறக்கும். அந்த வருஷம் அப்படி ஆகிவிட்டது. போதாததற்குப் பொள்ளாச்சி மண்டியில் இங்கிலீஷ் தேதிதான் செல்லும். ஆக மூன்று ஏழாந்தேதிகளுக்கு நடுவில் நான் ஒருத்தன். கிழமையைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எல்லாருக்கும் தேதி தெரிந்திருக்கும்போது கிழமையை யார் கேட்பார்கள்? நாச்சிமுத்து நல்ல மனுஷன். பக்கத்துத் தோட்டங்களில் காய் பறித்துச் சமாளித்துவிட்டாராம். என்னை அடிக்காமல், வண்டியைச் சுற்றி வந்து மூட்டைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காயெல்லாம் நல்லா இருக்குதுங்க. வந்ததுதான் வந்தீங்க, சின்னவளுக்கு ஒரு மாப்பளையும் ஏத்தீட்டு வந்திருந்தா இதுலயே முடிச்சிருக்கலாமுங்க."

வேண்டாம் என்றவர்

இப்படி ஓடினால் எந்த முதலாளிக்குக் கட்டுப்படியாகும்? ஆவணி முடிந்ததும் ராவுத்தர் என்னைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். கொல்லங்கோட்டில் பெரிய மளிகைக்கடை பொன்னுசாமியுடையது. உப்பும் மண்ணெண்ணெயும் அவர் கடையிலிருந்துதான் சுற்று வட்டாரத்துக்குப் பிரியும். அவரோ எல்லாவற்றையும் தன் சொந்த மாட்டுவண்டிகளில்தான் கொண்டுவருவார். "தீபாவளிக்குள்ள பொன்னுசாமி சரக்கு நம்ம வண்டியில ஏறணும். ஏறலேன்னா வண்டி மலை ஏறிடும். தோட்டத்துக்கு வேணும்னு ஒரு கணக்கப்பிள்ளை கேட்டுட்டிருக்கார்" என்றார். வண்டி மலை ஏறினால் டிரைவரும் கூட ஏற வேண்டும். என் அண்ணன் அப்படித் தோட்ட வேலைக்கு மலை ஏறினவன்தான். காய்ச்சலில் போய்விட்டான், முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. இனி இந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் மலை ஏறக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வேறு வேலையும் எனக்குத் தெரியாது. பயந்துபோனேன்.

மறுநாளே பொன்னுசாமி முன்னால் போய் நின்றேன். லாரியில் வருகிற உப்பில் எண்ணெய் வாடை அடிக்கிறது, மாட்டுவண்டியில் ஆடி அசைந்து வந்தால்தான் உப்பு உப்பாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சரி, நம் தலைவிதி என்று இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. வேண்டாம் என்ற அதே மனுஷன் தினமும் சாயங்காலம், நான் ஊருக்குள் நுழைகிற நேரத்துக்குக் கடையை விட்டு இறங்கி ரோட்டில் நிற்கிறார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கோவிந்தாபுரம் பக்கமே பார்க்கிறார். வண்டி வந்ததும் முகம் தொங்கிவிடுகிறது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "எங்க வண்டியைத்தானுங்க பாத்துட்டு நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை:

"வருதான்னு பாக்கலடா, வராமப் போச்சான்னு பாக்கறேன்."

தண்ணீரின் விலை

கோவிந்தாபுரத்தில் ரோட்டை ஒட்டி ராமாத்தாள் என்ற விதவை அம்மாள் சோற்றுக்கடை வைத்திருந்தாள். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு அங்கேதான் சாப்பிடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவது அப்போது கேவலமான பிழைப்பு. குடும்பத்துப் பொம்பளை அதைச் செய்தால் உறவுக்காரர்கள் வாசல் மிதிக்க மாட்டார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. என் லாரியைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. புழுதி சோற்றில் விழுகிறது, சத்தத்தில் மாடு மிரள்கிறது, நான் சாப்பிட நிற்பதும் இல்லை. "கொள்ளி வெக்க உன்ற வண்டியில" என்பதுதான் எனக்கு விடிந்ததும் கிடைக்கிற ஆசீர்வாதம். ஆனால் வண்டி அங்கே வந்து சேர்வதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும், பக்கத்தில் வேறு கிணறு கிடையாது. ஆகவே வசவையும் வாங்கிக்கொண்டு தண்ணீரும் கேட்டு நிற்பேன்.

ஒருநாள் அவள் வாளியைக் கிணற்றடியில் வைத்துக்கொண்டு பேரம் பேசினாள். "கொல்லங்கோட்டுக்குள்ள கொளத்துக்கு அக்கட்ட, வாசல்ல புளியமரம் நிக்கிற ஊடு ஒண்ணு இருக்குது. சாயங்காலம் அதைத் தாண்டறப்ப ரெண்டு தடவை ஆரன் ஊதோணும். ஒண்ணும் ஆகாது, மூணும் ஆகாது, ரெண்டு. என்னைக்காச்சும் நான் கடையில இல்லைன்னா ஊதவே கூடாது. எங்க கடை முன்னால மட்டும் ஊதித் தொலைச்சே, வாளியில அடிப்பேன்" என்றாள். புளியமரத்து வீடு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? பொன்னுசாமியுடையது. இவளுக்கும் அவருக்கும் ஏதோ பகை, அதற்கு என்னை ஊத வைத்து வேடிக்கை பார்க்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். எனக்கும் அவர்மேல் எரிச்சல் இருந்ததால் சம்மதித்தேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க, எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமுங்களா?" என்று கேட்டேன். அவள் வாளியைத் தூக்கிக் காட்டினாள்:

"உனக்குத் தண்ணி வேணுமா, காரணம் வேணுமா?"

சேவல்

இது குட்டிச் சமாசாரம், ஆனால் இதையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. வழியில் ஒரு பெண்பிள்ளை வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, கக்குவான் இருமல் வந்த குழந்தையைப் பெட்ரோல் டாங்கிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வாள். யார் சொன்ன வைத்தியமோ எனக்குத் தெரியாது. வேண்டாம்மா என்றாலும் கேட்கமாட்டாள். எப்படியோ குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. அப்புறம் ஒருநாள் கொண்டை சிலிர்த்த சேவல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். எனக்கு வாயெல்லாம் பல். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் சேவலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்:

"உங்களுக்கு இல்லீங்க, வண்டிக்கு நேந்துட்டது. வண்டி எப்பத் திங்குமுங்க?"

பந்தைத் தின்ற கன்று

என் லாரியின் ஆரன், கதவோரமாக ஒரு பித்தளைக் குழல், அதன் முனையில் ஒரு ரப்பர் பந்து. பந்தை அமுக்கினால் சத்தம் வரும். தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, கொல்லங்கோட்டில் சரக்கு இறக்கிக் கொண்டிருந்த நேரத்தில், யார் வீட்டுக் கன்றோ வந்து அந்தப் பந்தைச் சப்பி, கடித்து, கந்தலாக்கிவிட்டது. ராவுத்தரிடம் போய்க் கோயமுத்தூரிலிருந்து புதுப் பந்து வரவழைக்க வேண்டும் என்றேன். பொன்னுசாமி சரக்கு இன்னும் ஏறவில்லை, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வண்டியைப் பார்க்கப் பொள்ளாச்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். "விக்கப் போற வண்டிக்குப் பந்து எதுக்குப்பா?" என்றார் ராவுத்தர். அன்று ராத்திரி அம்மா முகத்தைப் பார்த்துப் பேசவே முடியவில்லை.

அந்தக் கவலையில் ஊதலைப் பற்றி யார் நினைத்தார்கள்? கோவிந்தாபுரத்தில் ராமாத்தாள் வழக்கம்போலத் திட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் கடை முன்னால் நான் எப்போதும் ஊதுவதில்லை, ஆகவே அவளுக்கும் விஷயம் தெரியாது. எதிரே மாடு வந்தால் கதவில் கையால் தட்டிக்கொண்டே ஓட்டினேன். புளியமரத்து வீட்டை அடுத்த இரண்டு நாளும் சத்தமில்லாமல் தாண்டினேன். இரண்டாம் நாள் பொன்னுசாமி ரோட்டிலே நின்று, முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்:

"ரெண்டு நாளாத்தான்டா உன்ற வண்டி மரியாதையாப் போவுது."

பொழுது விடிந்து ஒரு கேள்வி

மறுநாள் வண்டியைக் கணக்கப்பிள்ளையிடம் காட்டுவதற்காகப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினேன். துக்க வீட்டுக்குப் போகிற மாதிரிதான் ஓட்டினேன். பாதி வழியில், வெயில் அப்போதுதான் மரத்தலையைத் தொட்டிருந்தது, ரோட்டில் ஒரு பெண் தனியாகப் போய்க் கொண்டிருந்தாள். நல்ல வீட்டுப் பெண். செருப்பில்லை, தலை கலைந்திருந்தது. கொஞ்ச தூரம் ஓடுவாள், மூச்சு வாங்கி நடப்பாள், மறுபடி ஓடுவாள். என் வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பி, நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். நான் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, பந்தில்லாத பித்தளைக் குழலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

"எங்கம்மா எப்பங்க செத்தாங்க?"

கோவிந்தாபுரத்தில் இறக்கியது

யார் அம்மா, எந்த அம்மா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளே அழுதுகொண்டு சொன்னாள். பெயர் மயிலாத்தாள். பொன்னுசாமியின் மருமகள். ராமாத்தாளின் ஒரே மகள். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளில் அப்பா போய்விட, அம்மா ரோட்டோரம் சோற்றுக்கடை போட்டாள். அன்றோடு பொன்னுசாமி உறவை அறுத்துவிட்டார். மூன்று வருஷமாகப் போக்குவரத்து கிடையாது, வாய்ச்சொல் கிடையாது. கடைசியில் ஒரு வளையல்காரி மூலமாக அம்மா சொல்லியனுப்பினாளாம்: லாரி உன் வாசலில் ரெண்டு தடவை ஊதினால் நான் நல்லா இருக்கிறேன், ஊதாமல் போனால் நான் இல்லை என்று தெரிந்துகொள். இரண்டு நாளாக லாரி வருகிறது, ஊதவில்லை. வீட்டில் யாரிடம் கேட்பது, புருஷனும் அப்பன் பேச்சை மீறாதவன். விடிவதற்குள் கிளம்பிவிட்டாள்.

இத்தனை நாள் பொன்னுசாமிக்கு எரிச்சல் மூட்டுகிறேன் என்று நினைத்து நான் அமுக்கிய ஒவ்வொரு அமுக்கும் வேறு எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்க. நேத்துக்கூட என்னை வாய் நிறைய வஞ்சாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. என்ன வைதாள் என்று கேட்டாள். கொள்ளி வைக்க என்று வைதாள் என்றேன். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை. தேங்காய்க்கு நடுவே அவளை உட்கார வைத்துக் கோவிந்தாபுரத்தில் கொண்டுபோய் இறக்கினேன். ராமாத்தாள் அடுப்பு ஊதிக் கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். மகளைப் பார்த்தாள். ஊதுகுழல் கையிலிருந்து விழுந்தது. மகளைக் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், என்னைப் பார்த்துக் கத்தினாள், கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது:

"பாவி, உன்னை ஆரன் ஊதச் சொன்னா ஆளையே ஏத்தீட்டு வந்துட்டியேடா!"

விலை போகாத வண்டி

அப்புறம் பொள்ளாச்சி. கணக்கப்பிள்ளை தெற்கத்திச் சீமைக்காரர், காத்திருந்து காத்திருந்து சூடாகியிருந்தார். டயரைத் தட்டினார், எஞ்சினைத் திறந்து பார்த்தார், ஹேண்டிலைச் சுற்றச் சொன்னார். எல்லாம் திருப்தி என்று முகம் சொல்லிற்று. மலைக்காய்ச்சல் எனக்கு அங்கேயே வந்துவிட்ட மாதிரி இருந்தது. கடைசியில் கதவோரம் கையை நீட்டிப் பந்தைத் தேடினார். இல்லை. ராவுத்தர் மிச்சம் பிடித்த பந்து. புதுப் பந்து போட்டு வைத்தால் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார், போகும்போது என்னைப் பார்த்து உறுமினார்:

"ஊதல் இல்லாத வண்டிய வச்சிக்கிட்டு மலை வளைவுல என்ன செய்யச் சொல்லுதீரு? நான் முன்னால ஓடி ஓடிக் கூப்பாடு போடவா?"

போடுகிற சோறு

திரும்பி வரும்போது கோவிந்தாபுரத்தில் பொன்னுசாமியின் வண்டி மரத்தடியில் அவிழ்த்துக் கிடந்தது. மருமகளைத் தேடி விடிந்ததும் கிளம்பி, மாடு ஆடி அசைந்து உச்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். வந்தவர் கடைக்குள் போகவில்லை. வண்டி நுகத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சுற்றிலும் வண்டிக்காரர்கள், அதில் பாதிப்பேர் அவருடைய ஆட்கள், கைச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் இறங்குவதா, போய்விடுவதா என்று தெரியாமல், நிரம்பிய ரேடியேட்டரிலேயே இன்னும் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தேன்.

ராமாத்தாள் கடைக்கு வெளியே, வண்டிக்காரர்கள் உட்காருகிற இடத்தில் இல்லாமல், தன் வீட்டு நடைப்பக்கம் ஒரு இலையைப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். "இது விக்கிற சோறு இல்லீங்க சம்மந்தி. ஒறவு ஒறம்பரைக்குப் போடுற சோறுங்க. உங்களுக்குப் போட முடியாம மூணு வருசமா மிச்சமாயிட்டே கெடக்குது" என்றாள். பொன்னுசாமி வண்டிக்காரர்களைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைக்கூட ஒரு தடவை பார்த்தார். அப்புறம் எழுந்து போய்க் கை கழுவினார். மயிலாத்தாள்தான் பரிமாறினாள். பொன்னுசாமி முதல் கவளத்தை விழுங்கிவிட்டு, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, குழம்பில் உப்பு சற்றுத் தூக்கல் என்றார். ராமாத்தாள் உடனே பதில் கொடுத்தாள்:

"உங்க வண்டியில ஆடி அசஞ்சு வந்த உப்புத்தானுங்க."

உப்பு ஏறியது

சாப்பிட்டு முடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உங்களைப் போலத்தான். அதுதான் இல்லை. அம்மா வீட்டுக்கு இனிமேல் போக வர இருக்கலாம் என்று ஒரு வார்த்தை பொன்னுசாமி வாயிலிருந்து வரவில்லை. உண்ட கையோடு கௌரவம் திரும்பி வந்துவிட்டது. மருமகளைக் கிளம்பச் சொன்னார். அவள் அசையாமல் நின்று, "வாரனுங்க மாமா. ஆனா தெனமும் ரெண்டு ஊதல் எனக்குக் கேக்கோணும். கேக்காத அன்னைக்கு மறுபடி நடந்து வந்துருவனுங்க" என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. சரி சரி என்று தலையாட்டிக் கூட்டிப் போனார்.

போன கையோடு ராவுத்தர் கடைக்கு வந்தார். லாரி தினமும் தன் வாசலில் ஊதிவிட்டுப் போக வேண்டும் என்றார். லாரியே மலைக்குப் போகப் போகிறது, பந்து போடுவதுதான் பாக்கி என்று ராவுத்தர் உள்ளதைச் சொன்னார். பொன்னுசாமி தினமும் ரோட்டில் நின்று எது வராமல் போக வேண்டும் என்று பார்த்தாரோ, அது வராமல் போகப் போகிறது, அதைக் கேட்டு அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனதை நான்தான் பார்த்தேன். நான் பொறுக்க முடியாமல், "மாசத்துக்கு ஒருக்கா அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லீட்டாப் போதுமுங்களே" என்றேன். அது என்ன பேச்சு என்பது போல முறைத்தார். பந்தைத் தானே கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தார். அடுத்த நடையில் அவர் கடை உப்பு மூட்டைகள் பொள்ளாச்சியில் என் வண்டியில் ஏறின. அவருடைய மாடுகள் நிழலில் படுத்து அசை போட்டன. ராவுத்தர் வண்டியை விற்கிற பேச்சை விட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்து, எண்ணெய் வாடைக்குச் சம்மதந்தானா என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மலை ஏறவில்லை என்று சொன்னேன். ஏன் ஏறவில்லை என்று அவள் கேட்டதற்குப் பொன்னுசாமி ராவுத்தருக்குச் சொன்ன பதிலைத்தான் அப்படியே திருப்பிச் சொன்னேன், அவளுக்கும் அது விளங்கவில்லை:

"நான் சொமைக்குக் கூலி தரலீங்க ராவுத்தரே, ஊதறதுக்குத் தாரனுங்க."

அதற்கப்புறமும் பல வருஷம் அந்த ரோட்டில் உப்பும் மண்ணெண்ணெயும்தான் ஏற்றி இறக்கினேன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அதில் எது சரக்கு, எது வெறும் சத்தம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.